அமெரிக்காவில் ஆர்என் ஆக எந்தப் படிப்பு, அதற்கு மேல் என்ன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நர்ஸாக வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவரும் ஒரு வழி சொல்வார்கள். பெரும்பாலும் அது அவரவர் வந்த வழியாகவே இருக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கீகாரம் உள்ள வழிகளில் எது கையில் லைசென்ஸை சீக்கிரமும் மலிவாகவும் தருகிறதோ, அதே சமயம் அடுத்த படிப்புக்கான கதவையும் மூடாமல் வைக்கிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல வழி. கல்லூரியின் பெயர், கட்டடம், விளம்பரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆர்என் என்பது ஒரு பட்டமா?

இல்லை, அது ரெஜிஸ்டர்ட் நர்ஸ் (பதிவுபெற்ற நர்ஸ்) என்ற லைசென்ஸ். அங்கீகாரம் பெற்ற நர்ஸிங் படிப்பை முடித்து, என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற தேர்வில் தேறினால், உங்கள் மாநிலத்தின் நர்ஸிங் போர்டு உங்களைப் பதிவு செய்து லைசென்ஸ் தரும். படிப்பு அந்தத் தேர்வு எழுதும் தகுதியைத்தான் தருகிறது. இரண்டு வருடப் படிப்பில் வந்தவருக்கும் நான்கு வருடப் படிப்பில் வந்தவருக்கும் அதே தேர்வு, அதே லைசென்ஸ். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதிக் குழப்பத்தில் பாதி தானாகவே தீரும்.

சரி, ஏடிஎன்னா பிஎஸ்என்னா?

ஏடிஎன் என்பது அசோசியேட் டிகிரி. பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில் நடக்கும். இரண்டு வருடம் என்பார்கள், ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய அறிவியல் பாடங்களைச் சேர்த்தால் மூன்று வருடம் ஆவதுதான் சகஜம். பிஎஸ்என் நான்கு வருட இளங்கலை. ஆக உண்மையான வித்தியாசம் இரண்டு வருடம் இல்லை, கிட்டத்தட்ட ஒரு வருடம்தான். பணத்தில் உள்ள வித்தியாசம்தான் பெரியது. கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர்வாசிக்கான கட்டணத்தில் படிப்பதற்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கும் இடையே பல பத்தாயிரம் டாலர் இருக்கும்.

பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎஸ்என் இடம் கிடைத்தால், அதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். குடும்பம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிற முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவருக்கு ஏடிஎன் முடித்து, வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே பிஎஸ்என் முடிப்பது பல சமயம் சரியாக வரும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை. உங்கள் ஊரில் இருக்கும் மருத்துவமனைகள் ஏடிஎன் முடித்த புதியவர்களை எடுக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெரிய நகரங்களில் இருக்கும் போதனா மருத்துவமனைகள் பல பிஎஸ்என் கேட்கும், அல்லது இத்தனை வருடத்துக்குள் முடிப்பேன் என்று எழுதி வாங்கும். சிறு ஊர்களிலும் முதியோர் இல்லங்களிலும் அந்தப் பிடிவாதம் குறைவு. இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய மருத்துவமனைகளின் வேலைப் பக்கத்தைத் திறந்து, புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்கான விளம்பரங்களை ஒரு மணி நேரம் வாசித்தால் போதும்.

லைசென்ஸ் ஒன்றுதான் என்றால் எல்லோரும் ஏன் பிஎஸ்என் பிஎஸ்என் என்கிறார்கள்?

இது பழைய சண்டை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ் பற்றாக்குறை வந்தபோது, மில்ட்ரெட் மான்டாக் என்ற கல்வியாளரின் யோசனையில் 1952இல் அசோசியேட் டிகிரி முறை சோதனையாகத் தொடங்கியது. அது வேகமாகப் பரவியது. 1965இலேயே அமெரிக்க நர்ஸுகள் சங்கம் தொழில்முறை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் இளங்கலைப் பட்டம் வேண்டும் என்று அறிக்கை விட்டது. ஆனால் அதைச் சட்டமாக்கிப் பார்த்த மாநிலம் வடக்கு டகோட்டா ஒன்றுதான், 1987இல் கொண்டுவந்து 2003இல் கைவிட்டது.

அப்புறம் 2003இல் நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவர் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருத்துவமனையில் இளங்கலை முடித்த நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதோடு தொடர்பு இருக்கிறது என்று அதில் வந்தது. 2010இல் தேசிய மருத்துவக் கழகத்தின் அறிக்கை, 2020க்குள் நர்ஸுகளில் 80 சதவீதம் பேர் பிஎஸ்என் முடித்திருக்க வேண்டும் என்றது. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் ஒரு சட்டமே போட்டது: அங்கே புதிதாக ஆர்என் ஆகிறவர் பத்து வருடத்துக்குள் பிஎஸ்என் முடிக்க வேண்டும்.

நர்ஸிங் தரத்துக்காக மருத்துவமனைகளுக்குத் தரும் மேக்னெட் அங்கீகாரம் பற்றியும் அடிக்கடி கேள்விப்படுவீர்கள். மேக்னெட் மருத்துவமனை என்றால் எல்லா நர்ஸும் பிஎஸ்என் என்று நினைக்கிறார்கள், அப்படி விதி இல்லை. நர்ஸ் மேனேஜர்களும் அதற்கு மேலே இருப்பவர்களும் நர்ஸிங்கில் பட்டம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அந்த மருத்துவமனைகள் தாங்களாகவே பிஎஸ்என்காரர்களை முதலில் எடுக்கும்.

சம்பளம்? தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, சில மருத்துவமனைகள் பிஎஸ்என்னுக்கு மணிக்குக் கொஞ்சம் கூட்டித் தரும், சில தராது. பிஎஸ்என் இல்லாவிட்டால் எங்கே இடிக்கும் என்றால் மேலே போகும்போதுதான். மேனேஜர், கல்வியாளர், ராணுவ நர்ஸ் அதிகாரி, கலிபோர்னியாவில் பொது சுகாதார நர்ஸ் சான்றிதழ் இப்படி எல்லாமே அதில் தொடங்குகின்றன.

ஏடிஎன் முடித்து அப்புறம் பிஎஸ்என் முடிப்பது நிஜத்தில் நடக்கிற காரியமா?

நடக்கும், ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள். ஆர்என்-டு-பிஎஸ்என் என்று தனியாகவே படிப்பு உண்டு. ஒன்றரை வருடம் போல ஆகும், வேகமாகப் போகிறவர்கள் ஒரு வருடத்துக்குள்ளும் முடிக்கிறார்கள். வகுப்புகள் பெரும்பாலும் ஆன்லைன். பாடங்களும் கடினமில்லை: ஆராய்ச்சி, புள்ளியியல், சமூக நலம், தலைமைத்துவம், நிறையக் கட்டுரை. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து கட்டுரை எழுதுவது எரிச்சலான வேலை, அதை மறைக்க மாட்டேன். பல மருத்துவமனைகள் ஆண்டுக்கு இவ்வளவு என்று படிப்புச் செலவைத் திருப்பித் தரும், வரி இல்லாமல் வருடத்துக்கு 5,250 டாலர் வரை முதலாளி தரலாம் என்பது மத்திய விதி. இந்த வழியின் பெரிய லாபமே அதுதான்.

சில மாநிலங்களில் கம்யூனிட்டி காலேஜில் ஏடிஎன் படிக்கும்போதே பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்என் பாடங்களையும் கூடவே எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அது இருந்தால் விடாதீர்கள். ஏடிஎன் முடித்தவுடன் சின்ன ஓய்வு என்று நிறுத்தியவர்கள் பலர் திரும்பிப் படிக்க வருவதில்லை.

எனக்கு ஏற்கெனவே இன்ஜினியரிங் பட்டம் இருக்கிறது. மறுபடியும் நான்கு வருடமா?

வேண்டாம். வேறு துறையில் பட்டம் இருப்பவர்களுக்கு ஏபிஎஸ்என் என்ற துரித பிஎஸ்என் இருக்கிறது, நர்ஸிங் பகுதி மட்டும் 11 முதல் 18 மாதம். இதற்கும் முன்கூட்டியே உடற்கூறியல், நுண்ணுயிரியல் எல்லாம் முடித்திருக்க வேண்டும், அது தனியாக ஒரு வருடம் ஆகலாம். இந்தியப் பட்டம் என்றால் மதிப்பெண் பட்டியலை டபிள்யூஇஎஸ் மாதிரி மதிப்பீட்டு நிறுவனம் வழியாக மாற்றித் தர வேண்டும், கல்லூரி எந்த நிறுவனத்தை ஏற்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏபிஎஸ்என்னில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர் கல்லூரியின் விற்பனை ஆளாக இருப்பார். வாரம் முழுக்க வகுப்பும் கிளினிக்கல் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியும் இருக்கும், ஆக அந்த மாதங்களின் வீட்டுச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் ஏபிஎஸ்என் கட்டணத்தைப் பார்த்துத் தலை சுற்றினால், பட்டம் இருந்தாலும் கம்யூனிட்டி காலேஜில் ஏடிஎன் சேரலாம், தடையே இல்லை. உங்கள் பழைய பட்டத்தின் பொதுப் பாடங்கள் கழிந்துவிடும்.

டைரக்ட் என்ட்ரி எம்எஸ்என் என்று ஒன்றும் இருக்கிறது, வேறு துறைப் பட்டதாரி நேராக முதுகலை முடித்து ஆர்என் ஆகும் வழி. பெயரில் மாஸ்டர்ஸ் இருப்பதால் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் நர்ஸ் பிராக்டிஷனர் (என்பி) ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் உண்டு. பல கல்லூரிகளில் அது பொது நர்ஸுக்கான முதுகலைதான். படிப்பின் முடிவில் எந்தத் தேர்வு எழுதத் தகுதி வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலில் சிஎன்ஏ அல்லது எல்பிஎன் ஆகிவிட்டு மேலே போகலாமா?

சிஎன்ஏ, அதாவது நர்ஸுக்கு உதவியாளராகும் பயிற்சி, நல்ல யோசனை. மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாகவும் கேட்கும். சில வாரத்தில் முடிந்துவிடும். நோயாளியைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, மலம் சுத்தம் செய்வது எல்லாம் உங்களால் முடிகிறதா என்று குறைந்த செலவில் தெரிந்துவிடும். சில கல்லூரிகள் அதைச் சேர்க்கைக்கே கேட்கின்றன.

எல்பிஎன், அதாவது ஆர்என்னுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ், வேறு கதை. சுமார் ஒரு வருடம், தனித் தேர்வு, தனி லைசென்ஸ். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இதையே எல்விஎன் என்பார்கள். உடனே வருமானம் வேண்டும் என்றால் இது நியாயமான படி, பின்னால் எல்பிஎன்-டு-ஆர்என் பாலப் படிப்பு உண்டு. ஆனால் ஏடிஎன் இடம் கையில் இருக்கும்போது எல்பிஎன்னுக்குப் போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஒரு கல்லூரி நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு அங்கீகாரம் இருக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று மாநில நர்ஸிங் போர்டின் ஒப்புதல். அது இல்லாமல் என்கிளெக்ஸ் எழுதவே முடியாது. இன்னொன்று ஏசிஇஎன் அல்லது சிசிஎன்இ போன்ற அமைப்பு தரும் தேசிய அங்கீகாரம். இது இல்லாவிட்டாலும் லைசென்ஸ் வாங்கிவிடலாம், அங்கேதான் சிக்கல். பின்னால் பிஎஸ்என்னுக்கோ எம்எஸ்என்னுக்கோ போகும்போது பல பல்கலைக்கழகங்கள் உங்கள் முதல் படிப்பை ஏற்காது, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் வேலைக்கும் பிரச்சினை வரும். நான் மேலே கதவு என்று சொன்னேனே, அது மூடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதம். மாநில போர்டுகள் பல இதைக் கல்லூரிவாரியாக இணையத்தில் போட்டுவிடுகின்றன. ஒரே வருடத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்து வருடத்தைப் பாருங்கள். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சில கல்லூரிகள் பலவீனமான மாணவர்களைக் கடைசி பருவத்தில் நிறுத்தி வைத்து விகிதத்தை உயர்த்திக் காட்டும். ஆகவே சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்ற கணக்கையும் கேளுங்கள். 100 பேர் சேர்ந்து 45 பேர் முடித்து, அந்த 45 பேரும் தேறினால் விளம்பரத்தில் 100 சதவீதம் என்றுதான் வரும்.

குறுக்கு வழி காட்டுகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். 2023 ஜனவரியில் ஆபரேஷன் நைட்டிங்கேல் என்ற மத்திய விசாரணை வெளியே வந்தது. புளோரிடாவில் மூன்று பள்ளிகளிலிருந்து 7,600க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களின் லைசென்ஸைப் பல மாநிலங்கள் ரத்து செய்தன.

சேர்க்கைக்கு என்னென்ன வேண்டும்?

உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவம், நுண்ணுயிரியல், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், ஆங்கிலக் கட்டுரை. கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். கூடவே டீஸ் அல்லது ஹெசி ஏ2 என்ற நுழைவுத் தேர்வு. அறிவியல் பாட மதிப்பெண்தான் உங்கள் மூலதனம். சில கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு முன் படித்த அறிவியல் பாடத்தை ஏற்காது, ஆக எப்போதாவது சேரலாம் என்று இன்றே உடற்கூறியல் எடுத்து வைப்பது வீண்.

கம்யூனிட்டி காலேஜ் மலிவு என்பதால் கூட்டமும் அங்கேதான். சில இடங்களில் மதிப்பெண் தரவரிசை, சில இடங்களில் குலுக்கல், சில இடங்களில் வெயிட்டிங் லிஸ்ட். ஒரே கல்லூரியை நம்பி உட்காராமல் பக்கத்து மாவட்டங்களிலும் விண்ணப்பியுங்கள். ஒரு வருடம் காத்திருந்து ஏடிஎன் கிடைப்பதற்கு, இப்போதே கிடைக்கிற கொஞ்சம் விலை கூடிய பிஎஸ்என் பரவாயில்லை என்றும் ஆகலாம், ஏனென்றால் அந்த ஒரு வருட ஆர்என் சம்பளத்தை இழக்கிறீர்கள். 2024 மே மாத மத்திய புள்ளிவிவரப்படி ஆர்என் ஆண்டுச் சம்பளத்தின் இடைநிலை 93,600 டாலர். கட்டணத்தைக் கணக்குப் போடும்போது இதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

முழுக்க ஆன்லைனில் ஆர்என் ஆக முடியுமா?

முடியாது. பாடம் ஆன்லைனில் இருக்கலாம், கிளினிக்கல் நேரில்தான்.

எச்4 (எச்1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான) விசாவில் இருக்கிறேன், படிக்கலாமா?

படிக்கலாம். அதற்காக எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. வேலை செய்யத்தான் அனுமதி அட்டை வேண்டும். உள்ளூர்வாசிக் கட்டணம் எச்4க்குக் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. மத்திய அரசின் கல்விக் கடனும் உதவித்தொகையும் கிடைக்காது. சில மருத்துவமனைகள் கிளினிக்கலுக்கு வரும் மாணவரிடம் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும், பல மாநிலங்கள் லைசென்ஸுக்கும் அதைக் கேட்கும். கலிபோர்னியா அதற்குப் பதிலாக ஐடிஐஎன் என்ற வரி எண்ணை ஏற்கிறது. இதையெல்லாம் முதல் பருவக் கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு கசப்பான விஷயம். படித்து முடித்து எச்1பி வாங்கி நர்ஸ் வேலை பார்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். சாதாரண ஆர்என் வேலைக்கு அசோசியேட் டிகிரியே போதும் என்பதால், இளங்கலை கட்டாயமாகத் தேவைப்படும் வேலைக்கான அந்த விசா இதற்குக் கிடைப்பது அரிது. ஏடிஎன், பிஎஸ்என் சண்டை குடியேற்ற அலுவலகம் வரைக்கும் போகிறது பாருங்கள். கிரீன் கார்டு வழியில் நர்ஸுக்கு ஷெட்யூல் ஏ என்ற சலுகை உண்டு, முதலாளி தொழிலாளர் சான்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி3 என்ற வேலைவழி கிரீன் கார்டு வரிசை மிக நீளம். துணைவர் வழியாக வேலை அனுமதியோ கிரீன் கார்டோ எப்போது வரும் என்பதைப் பார்த்துப் படிப்பின் தொடக்கத்தை அதோடு பொருத்துங்கள்.

இந்தியாவில் பிஎஸ்சி நர்ஸிங் முடித்தவள் நான். மறுபடியும் படிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். எந்த மாநிலத்தில் லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்களோ அந்த போர்டு கேட்கிற மதிப்பீட்டை, பல இடங்களில் சிஜிஎஃப்என்எஸ் (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) என்ற நிறுவனம் வழியாக, செய்துவிட்டு என்கிளெக்ஸ் எழுத வேண்டும். கல்லூரியிலிருந்தும் உங்கள் மாநில நர்ஸிங் கவுன்சிலிலிருந்தும் ஆவணம் நேராகப் போக வேண்டும். அதிக நேரம் பிடிப்பது இதுதான், ஊருக்குப் போகும்போது நேரில் போய் முடித்துவிடுவது உத்தமம். ஜிஎன்எம் டிப்ளமோ முடித்தவர்களும் பல மாநிலங்களில் எழுதலாம், ஆனால் அது பிஎஸ்என்னுக்குச் சமமாகக் கணக்கில் வராது.

கலிபோர்னியா கொஞ்சம் கண்டிப்பு. ஒரு பாடத்தின் தியரியும் கிளினிக்கலும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று பார்க்கும், தனித்தனிப் பருவத்தில் நடந்திருந்தால் அந்தப் பாடத்தை இங்கே மறுபடி எடுக்கச் சொல்லலாம். விசாஸ்கிரீன் என்ற தகுதிச் சான்று நர்ஸ் வேலையை வைத்துக் குடியேற வருபவர்களுக்கு. ஏற்கெனவே துணைவர் வழியாகக் கிரீன் கார்டு இருந்தால் அது தேவையில்லை, மாநில லைசென்ஸ் மட்டும் போதும்.

என்கிளெக்ஸ் எவ்வளவு கஷ்டம்?

படிப்பை ஒழுங்காக முடித்தவருக்குத் தாண்டக்கூடியதுதான். கட்டணம் 200 டாலர், நேரம் 5 மணி, கேள்விகள் குறைந்தது 85, அதிகபட்சம் 150. நீங்கள் தரும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றும். 2023 ஏப்ரலிலிருந்து நோயாளியின் முழு நிலையைக் கொடுத்து, அடுத்தடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும் கேள்விகள் வந்திருக்கின்றன. மனப்பாடம் இங்கே உதவாது, நம் ஊர்த் தேர்வுப் பழக்கத்தில் வந்தவர்கள் தடுமாறுவது இதில்தான். நான்கு நோயாளியில் யாரை முதலில் போய்ப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் நான்கு பதிலும் சரி மாதிரியே தெரியும். தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

ஒரு மாநில லைசென்ஸ் வேறு மாநிலத்தில் செல்லுமா?

காம்பாக்ட் என்ற ஒப்பந்தத்தில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நிரந்தரமாக வசித்து அதன் பன்மாநில லைசென்ஸ் வைத்திருந்தால் மற்றவற்றிலும் வேலை பார்க்கலாம். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை, அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். துணைவரின் வேலைக்காக ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆர்என் ஆன உடனே நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கலாமா, கொஞ்ச காலம் வேலை பார்க்க வேண்டுமா?

சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன, அதனால் சேரலாம். சேர வேண்டுமா என்று என்னைக் கேட்டால், இரண்டு வருடமாவது படுக்கையருகே நின்று வேலை பாருங்கள் என்பேன். ஒரு நோயாளி மோசமாகப் போகிறார் என்பது மானிட்டர் கத்துவதற்கு முன்பே தெரிய ஆரம்பிக்கும், அது வகுப்பில் வராது. என்பி படிப்பில் நேரடி நோயாளி கவனிப்புக்கான குறைந்தபட்ச கிளினிக்கல் 750 மணி நேரம்தான், மருத்துவர்களின் பயிற்சிக் காலத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். அந்தக் குறையை நிரப்புவது ஆர்என் அனுபவம்தான்.

இன்னொன்று, எந்தப் பிரிவு என்பதைச் சேரும்போதே முடிவு செய்ய வேண்டும். குடும்ப நலம், வயது வந்தோர் தீவிர சிகிச்சை, குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என்று தனித்தனி. எஃப்என்பி (குடும்ப நல என்பி) எடுத்தால் எல்லா இடத்துக்கும் போகலாம் என்று ஒரு பேச்சு உலாவுகிறது, அது சரியில்லை. அது கிளினிக்கில் பார்க்கும் நோயாளிகளுக்கான பயிற்சி, ஐசியூவில் வேலை வேண்டும் என்றால் அக்யூட் கேர் பிரிவு எடுக்க வேண்டும். பின்னால் மாற்ற நினைத்தால் இன்னொரு சான்றிதழ் படிப்பு.

ஆன்லைன் என்பி கல்லூரிகள் பலவற்றில் கிளினிக்கல் பயிற்சி தரும் பிரிசெப்டரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். தெரிந்த மருத்துவர், தெரிந்த என்பி எல்லோரிடமும் கெஞ்சி, கடைசியில் காசு கொடுத்து இடம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியே இடம் ஏற்பாடு செய்யுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எம்எஸ்என் போதுமா, டிஎன்பி என்ற முனைவர் பட்டம் வேண்டுமா என்றால், என்பி லைசென்ஸுக்கு எம்எஸ்என் இன்னும் போதும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் என்பி தனித்து வேலை பார்க்கலாம், டெக்சாஸ் மாதிரி இடங்களில் மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும்.

சிஆர்என்ஏ சம்பளம் நல்லது என்கிறார்களே?

உண்மைதான், நர்ஸிங்கில் மிக அதிகம் அதுதான். மயக்க மருந்து கொடுக்கும் வேலை. குறைந்தது ஒரு வருட ஐசியூ அனுபவம் கேட்பார்கள், போட்டியில் இடம் பிடிக்கிறவர்களிடம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 2022 முதல் சேருகிறவர்கள் அனைவருக்கும் முனைவர் பட்டம், குறைந்தது மூன்று வருடம், 2,000 கிளினிக்கல் மணி நேரம். அந்த மூன்று வருடமும் சம்பளம் இருக்காது. இந்த ஆசை இருந்தால் முதல் வேலையையே ஐசியூவில் தேடுங்கள், உடலியங்கியல், வேதியியல் மதிப்பெண்களை முதல் நாளிலிருந்தே காப்பாற்றுங்கள்.

என்பி ஆக விருப்பமில்லை. மேலே போக வேறு வழி இல்லையா?

ஏன் இல்லை? எல்லோரும் என்பி ஆக வேண்டும் என்று ஒரு காற்று அடிக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீவிர சிகிச்சைக்கு சிசிஆர்என், புற்றுநோய்க்கு ஓசிஎன், அவசரப் பிரிவுக்கு சிஇஎன் என்று சான்றிதழ்கள் இருக்கின்றன. சிசிஆர்என்னுக்கு இரண்டு வருடத்தில் 1,750 மணி நேரம் தீவிர சிகிச்சை நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும், அப்புறம் ஒரு தேர்வு, கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. சார்ஜ் நர்ஸ், கேஸ் மேனேஜர், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், பள்ளி நர்ஸ், மருத்துவமனைக் கணினி முறைகளைப் பார்க்கும் இன்ஃபர்மேடிக்ஸ் என்று போகலாம். ஐடியிலிருந்து நர்ஸிங்குக்கு வருகிறவர்களுக்குக் கடைசியில் சொன்னது நன்றாகப் பொருந்தும்.

பாடம் நடத்தப் பிடிக்கும் என்றால் எம்எஸ்என் முடித்து ஆசிரியர் ஆகலாம். ஆசிரியர் பற்றாக்குறையால்தான் பல கல்லூரிகள் தகுதியானவர்களையே திருப்பி அனுப்புகின்றன. சம்பளம் மருத்துவமனையைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் நர்ஸ் ஆசிரியர் ஆகிறவர்களுக்கான மத்தியக் கடன் திட்டத்தில், முடித்தபின் பாடம் நடத்தினால் கடனில் 85 சதவீதம் வரை தள்ளுபடி ஆகும்.

பணத்துக்கு என்ன வழி?

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் முதலில் மத்தியக் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் போடுங்கள். நர்ஸ் கோர் என்ற மத்தியத் திட்டத்தில், குடியுரிமை பெற்றவர்களும் கிரீன் கார்டுக்காரர்களும் பற்றாக்குறை உள்ள இடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தால் நர்ஸிங் கடனில் 60 சதவீதத்தைக் கட்டுகிறார்கள், மூன்றாம் வருடம் நீட்டித்தால் இன்னும் 25 சதவீதம். எல்லோருக்கும் கிடைக்காது, போட்டி உண்டு.

முதுகலை நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற முதுகலை மாணவர்களுக்கான மத்தியக் கடன் இல்லை. பட்டமேற்படிப்புக்கான பொது வரம்பு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். விலை உயர்ந்த கல்லூரியில் என்பி அல்லது சிஆர்என்ஏ என்ற கனவுக்கு இது நேரடியாக இடிக்கும். முதல் பட்டத்தில் கடனைக் குறைவாக வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனை சேரும்போது தரும் போனஸுக்கு ஆசைப்பட்டு ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வருடம் முடியும் முன் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.

எனக்கு 42 வயது. தாமதமா?

வயது தடை இல்லை, முதுகும் முழங்காலும் தான் கேள்வி. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் வேலை. முதல் இரண்டு வருடம் அதைத் தாங்க முடிந்தால் அப்புறம் கிளினிக், கேஸ் மேனேஜ்மென்ட் என்று மாறிக்கொள்ளலாம். வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது கிளினிக்கல் நாட்களைப் பற்றி: விடியற்காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டியிருக்கும், அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்?

கல்லூரி அறிமுகக் கூட்டத்துக்குப் போகிறேன். என்ன கேட்பது?

கிளினிக்கல் எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, அவை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எடுக்கலாமா, இரண்டில் தவறினால் வெளியே அனுப்பிவிடுவார்களா என்று கேளுங்கள், பல கல்லூரிகளில் அப்படித்தான் விதி. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதும் முக்கியம், 75க்குக் கீழே என்றால் தோல்வி என்று வைத்திருக்கும் இடங்கள் நிறைய. சென்ற வருடம் முடித்தவர்கள் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று கேட்டால், நல்ல கல்லூரி மருத்துவமனைப் பெயர்களைச் சொல்லும், மற்றவை வாய்ப்புகள் ஏராளம் என்று சொல்லும். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் அங்கே உதவிக்கு நிற்கும் இரண்டாம் வருட மாணவர் யாரையாவது பிடியுங்கள், அவரோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.